சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அன்னம்மா

என் அலுவலகத் தோழி ஒருத்தி பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போக நேர் வழி ஒன்று உண்டு. நான் அந்த வழியில் போவதில்லை. பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகிறேன். நேர் வழியில் போனால் பச்சைக் கேட் போட்ட வீடு ஒன்று வரும். சாயங்காலங்களில் அதன் வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் கூப்பிடுவார், உள்ளே வரச்சொல்லி ஏதாவது தின்னக் கொடுப்பார். அவருக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அக்கா என்பது அவரே போட்ட உத்தரவு. முதல் நாள் ஒத்திகையில் "வணக்கம் ஆன்ட்டி" என்றேன். கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அம்மா வயதில் யாரைப் பார்த்தாலும் வாயில் வருவது அதுதான். கண்ணாடி முன்னால் கொண்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆன்ட்டியா? இன்னொரு வாட்டி சொல்லு, பல்லு இருக்காது. அக்கான்னு கூப்பிடு."

பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்த தன் கணவரைக் காட்டி, "வேணும்னா இவர அங்கிள்னு கூப்பிட்டுக்கோ. இவருக்கு வயசாச்சு" என்றார். அவரும் அதை ஒப்புக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கள் குழு முழுவதற்கும் மனைவி அக்கா, கணவர் அங்கிள். அந்த முறை யாருக்கும் உறுத்தவில்லை.

எங்கள் குழு அப்போது தமிழில் ஓர் இசை நாடகம் போட்டது. நாங்கள் மியூசிக்கல் என்றுதான் சொல்வோம். பேச்சைவிடப் பாட்டு அதிகம், அதுவும் ஓடியாடிக்கொண்டே பாட வேண்டிய பாட்டு. உலக யுத்தக் காலத்து பெங்களூரில் சிப்பாய்களுக்குச் சோறு போட்டுப் பிழைத்த அன்னம்மா என்ற பெண்ணின் கதை. திரை விலகும்போது அன்னம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். கடைசித் திரை விழும் வரைக்கும் மேடையை விட்டு இறங்கமாட்டாள். தண்ணீர் குடிக்க உள்ளே வருவதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடையாது. அதனால் பானையில் மொண்டு குடிக்கிறாற்போல ஒரு காட்சியையே வைத்திருந்தார் இயக்குநர். தலையில் சோற்றுக் குண்டானோடு படியேறிக்கொண்டே ஒரு பாட்டு. சிப்பாய்களோடு ஆடிக்கொண்டே ஒரு பாட்டு. இரண்டாம் பாதியில், மகன் செத்துப்போனான் என்று தந்தி வந்ததும் அவள் தனியாக நின்று பாடுகிற பாட்டு எல்லாவற்றையும்விடக் கடினமானது. நாங்கள் அதைத் தந்திப் பாட்டு என்போம். கீழே தொடங்கி மேலே மேலே போய், பெண் குரல் எட்டக்கூடிய உச்சியில் போய் நிற்கும்.

இந்த வேடத்தை ஒரே தொண்டை தாங்காது என்று இசையமைப்பாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் காட்சி. சனிக்கிழமை மத்தியானமும் ஒரு காட்சி. அந்த மத்தியானக் காட்சிக்கு மட்டும் வேறோர் அன்னம்மா. உடம்பு சரியில்லை என்றால் ஓடிவந்து நிற்கிற மாற்று ஆள் வேறு, இது வேறு. இந்த ஆளுக்கு என்று நிச்சயமாக ஒரு காட்சி உண்டு. ஆல்டர்னேட் என்று பெயர். அந்த ஆல்டர்னேட் நான்.

எனக்கு ஊர் ஜோகுபாளையம். பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை, மற்ற நேரத்தில் அம்மன் கோயில் திருவிழாவிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் ஆர்கெஸ்ட்ராவில் பாட்டு. எனக்கு சனிக்கிழமை மத்தியானமே பெரிய விஷயம். அக்காவுக்கோ அது தாங்கமுடியாத அவமானம்.

"கிறிஸ்மஸுக்கு நடுராத்திரிப் பூசை, விடியக்காலைப் பூசை, பத்துமணிப் பூசை மூணுலயும் நான்தான் பாடறேன். எனக்கு எதுக்கு மேன் ஆல்டர்னேட்? நான் என்ன ஸ்கூட்டரா, ஸ்டெப்னி மாட்றதுக்கு?"

இயக்குநரிடம் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. "ஸ்டெப்னி வந்தாச்சா?" என்று அக்கா கேட்பார். அதில் விஷம் இருக்காது. ஒருவிதப் பிரியம்கூட இருக்கும். ஆனால் சிப்பாய் வேஷம் போட்ட பையன்களும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவர். ஊரில் யார் நாடகம் போட்டாலும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேஷம், அத்தை வேஷம், இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருத்தி. பெரிய வேஷம் எல்லாம் மெலிந்த பெண்களுக்குப் போகும். அவர்கள் உச்ச ஸ்தாயியில் திணறும்போது பின்னால் நின்று சத்தம் கொடுத்துத் தூக்கிவிடுவது அக்காதான். அப்படி எத்தனையோ வருஷம் கழித்து வந்தவள் அன்னம்மா. அவளை வாரத்தில் ஒரு வேளை எனக்குக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்?

பொதுவாகவே, தன்னுடையது என்று ஆன எதையும் அக்கா விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒத்திகை இடைவேளையில் எல்லாருக்கும் பேக்கரியிலிருந்து பஃப் வாங்கி வருவார். யாராலும் விளையாட்டுக்குக்கூட அவர் கையில் இருப்பதில் ஒரு துண்டு பிய்த்துவிட முடியாது. "வேணும்னா இன்னொண்ணு வாங்கித் தர்றேன். ரெண்டு வாங்கித் தர்றேன். என்னுதுல கை வெக்காதே." அதேபோல மேடையில் கிளறுகிற அந்தப் பெரிய கரண்டி. அதைக் காட்சி முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு எனக்கு வேறு கரண்டி.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒத்திகை நடந்த மாதங்களில் என் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனது. அக்கா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆட்டுக்கால் சூப், ரசம், இடியாப்பம் என்று எதையாவது அங்கிள் கையில் தூக்கிக்கொடுத்து முன்னால் நடந்து வருவார். அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். நர்சிடம் கன்னடத்தில் சண்டை போட்டு ஜன்னல் பக்கத்துக் கட்டிலை வாங்கிக் கொடுத்தார். அந்த அறையில் ஒருநாள், தந்திப் பாட்டில் அந்த நீண்ட வரிக்கு எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா சூப்பை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது என்னுது. நீ உன்னுதக் கண்டுபிடி."

அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

காட்சி உள்ள நாளில் மேடை ஏறும்வரை அக்கா பேசமாட்டார். தொண்டைக்கு ஓய்வு. ஒரு கைதட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கழுத்தில் மஃப்ளர் கட்டிக்கொண்டு, ஆட்டோக்காரர்கள் மீட்டருக்கு மேல் கேட்கும்போது இரண்டு தட்டு தட்டுவார். அவர்கள் மிரண்டுபோய் மீட்டரைப் போட்டுவிடுவார்கள்.

நாடகம் தொடங்கி இரண்டே வாரத்தில் அவர் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. டிக்கெட் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பொம்மனஹள்ளியிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தந்திப் பாட்டு முடிந்ததும் ஒரு நிமிஷம் யாரும் கைதட்டமாட்டார்கள். மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்கும். அதற்கப்புறம்தான் கைதட்டு வரும்.

என் சனிக்கிழமை மத்தியானம் இப்படி இருக்காது. அரங்கத்து வாசலில் ஒரு பலகை வைப்பார்கள். இன்றைய காட்சியில் அன்னம்மாவாக நடிப்பவர் என்று போட்டு என் பெயர். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நான் மேக்கப் அறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். "அய்யோ, அந்தம்மா இல்லியா? சும்னே, வீணா வந்தோமே" என்று ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த கையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் போய் அடுப்பு ஊத வேண்டும். முதல் பாட்டு முழுக்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாடுகிற மாதிரிதான் இருக்கும்.

அக்கா அந்த மத்தியானங்களுக்கும் வருவார். வீட்டில் படுத்துத் தூங்கி எழுந்து சாயங்காலக் காட்சிக்கு வரலாம், அதற்காகத்தான் என்னையே எடுத்தார்கள். ஆனால் அவர் முழு மேக்கப்போடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். என்னை வேவு பார்க்க என்று முதலில் நினைத்தேன். பிறகு, எனக்குத் தைரியம் கொடுக்க என்று நினைத்துப்பார்த்தேன். இரண்டும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் நடந்ததைச் சொல்கிறேன். இடைவேளையில் திரையை மூடியதும் நான் மேடையிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்வேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருக்கும்போது வெளிக்கூடத்திலிருந்து பாட்டுக் கேட்டது. தந்திப் பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரல். அக்கா பாடிக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து நான் பாடவேண்டிய பாட்டு அது.

என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரு குடும்பம் பலகையைக் காட்டி வாசலில் தகராறு பண்ணியிருக்கிறது. அக்கா எழுந்து போய், "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுது. உட்காந்து கேளுங்க. புடிக்கலன்னா இண்டர்வெல்ல என்கிட்ட வாங்க, நானே பாடிக் காட்றேன்" என்று அவர்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்திருக்கிறார். இடைவேளையில் அவர்கள் வந்துவிட்டார்கள். அக்காவும் பாடிவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் சுற்றி நின்று கேட்டது. கைதட்டல் திரைக்குப் பின்னால் என் முக்காலி வரைக்கும் வந்தது.

அதற்கப்புறம் நான் போய்ப் பாடினேன். எப்படிப் பாடினேன் என்பதைச் சொல்லப் போவதில்லை.

இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். அக்கா அசையவில்லை. "கேட்டாங்க, பாடினேன். இவளுக்காகத்தான் பேசப் போனேன், கேட்டுப் பாருங்க" என்றார். அது உண்மைதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை. அன்று அவர் என் ஜடையைத் தானே அவிழ்த்துவிட்டு, "நீ ரெண்டாவது பாட்டுல தோள இறக்குனது நல்லா இருந்துச்சு" என்று வேறு சொன்னார்.

மழைக்காலம் வந்தபோது அக்காவின் குரலில் கரகரப்பு சேர்ந்தது. தூசி என்றார். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்த மண் என்றார். அங்கிள் ஒருநாள் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் தனியாக, கையில் ஃபிளாஸ்க் இல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"டாக்டர் பாத்தாரும்மா. குரல் நரம்புல முடிச்சு விழுந்திருக்காம். ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாதுன்னாரு. கேக்க மாட்டேங்கறா. நாடகத்துல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்மேல சத்தியம் வாங்கிட்டா. நீ ஒண்ணும் பேச வேணாம். ஞாயித்துக்கிழமை சும்மா வந்து பக்கத்துல நில்லு. எனக்குப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆபீஸுக்குப் போகிற சல்வார் கமீஸோடு, மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், அறிவிப்புக்கு வைத்திருக்கும் மைக் மேஜை ஓரமாக நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார். மஃப்ளரை அவிழ்த்துவிட்டு மேடை ஏறினார். முதல் பாதியை எப்படியோ இழுத்துவிட்டார். உயரமான இடங்களில் கையை வீசி, திரும்பி நின்று, சிப்பாய்களின் குரலுக்குள் தன் குரலை ஒளித்துக்கொண்டார்.

தந்தி வந்தது. வாத்தியக்காரர்கள் ஆரம்பித்தார்கள். அக்கா வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வாத்தியக்காரர்கள் ஆரம்பத்தையே திரும்ப ஒருமுறை வாசித்தார்கள். அன்னம்மா அழுகையில் தொண்டை அடைத்து நிற்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அக்கா மெதுவாக என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தை விவரிக்க எனக்கு வராது. மைக் என் கையில் எப்போது வந்தது என்று தெரியாது. நான் பாடினேன். ஒலிப்பெட்டிக்காரர் புரிந்துகொண்டு அக்காவின் மைக்கை அடைத்துவிட்டார். அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி வாயசைத்தார்.

அரங்கமே எழுந்து நின்றது. அதுவரை அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை. அக்கா குனிந்து வணங்கினார்.

அடுத்த இரண்டு வாரத்துக்கும் டிக்கெட் முடிந்திருந்தது. இயக்குநர் எங்கள் இருவரையும் மேக்கப் அறையில் உட்கார வைத்தார். "சினிமால என்ன பண்றாங்க? பாடறது ஒருத்தர், வாயசைக்கறது ஒருத்தர். யாராவது கேக்கறாங்களா? ரெண்டு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம். ஜனங்க அக்காவப் பாக்கத்தான் வர்றாங்க" என்றார். அக்கா என்ன சொல்வார் என்று பார்த்தேன். ஒரு கைதட்டு தட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் என் வாழ்க்கையில் பாடியதிலேயே நன்றாகப் பாடியது அப்போதுதான். அந்த மாலைக் காட்சிகளில் வாசலில் என் பெயர் போட்ட பலகை இல்லை. யாரும் என்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இருட்டில், கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவர் விலா விரிவதைப் பார்த்து நான் மூச்சு எடுப்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டுக் கிடைக்காத அந்த மூச்சு எங்கே என்பது அப்படித்தான் தெரிந்தது. அவர் அதை எனக்குக் கொடுக்கவில்லை. அவர் மறைக்க முடியாததால் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவர் பூங்கொத்தோடு உள்ளே வருவார், நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். ஸ்டெப்னி என்று அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

இரண்டாவது வாரம் முடிந்த மறுநாள் ஏதோ விடுமுறை. அக்காவின் கோயிலில் பூசை முடிந்ததும் ஹாலில் அவருக்குப் பாராட்டு வைத்திருந்தார்கள். அங்கிள் போன் பண்ணினார். "அக்கா உன்னக் கண்டிப்பா வரச் சொன்னா."

எனக்குப் போக மனமில்லை. போனேன். ஹால் நிறையக் கூட்டம். அவரோடு சின்ன வயதிலிருந்து பாடுகிற பெண்கள் முன் வரிசையில் பட்டுச்சேலையில் இருந்தார்கள். பின்னால் கட்லெட் பொரிக்கிற வாசனை. ஃபாதர் சால்வை போர்த்தினார், நம் பங்குக் கோயிலிலிருந்து இப்படி ஒரு குரல் என்று பேசினார். முன் வரிசையில் ஓர் அம்மா எழுந்து, போன வாரம் அந்தத் தந்திப் பாட்டைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை, தன் தம்பி போனது ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எல்லாரும், ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்று ஆரம்பித்தார்கள். மைக்கை அக்கா கையில் கொடுத்தார்கள்.

தொண்டை சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கிள் அதற்காகவே எழுந்து பாதி நின்றார். அக்கா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்றார். குரல் தேய்ந்து போயிருந்தது. "நீங்க கேட்ட பாட்டு என்னுது இல்ல. ரெண்டு வாரமா பாடினது அதோ அந்தப் பொண்ணு, தேவி. நான் வாயத்தான் அசைச்சேன்."

ஹால் சிரித்தது. நல்லவிதமான சிரிப்புத்தான். யாரோ "சூப்பர்" என்று விசில் அடித்தார்கள். ஃபாதர் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா? கூட நடிச்ச பொண்ணுக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கறாங்க. இதுதான் தாழ்ச்சி. இத நாம கத்துக்கணும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"இல்ல ஃபாதர். நெசமாத்தான்."

கைதட்டல் இன்னும் பெரிதானது. முன் வரிசைப் பெண்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்கிற மாதிரி சிரித்தாள். நான் உட்கார்ந்த இடத்தில் மரமாக இருந்தேன். எழுந்து ஆமாம் என்று சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சும்மா இருந்தாலும் அதேதான். என் காது சூடாகி, ஹாலில் இருப்பவர்களின் செருப்புகளை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

அக்கா ஃபாதர் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்கினார். சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டார். பாட ஆரம்பித்தார்.

தந்திப் பாட்டையே பாடினார். முதல் வரி கரகரவென்று வந்தது. கூட்டம் புன்னகையோடு கேட்டது. இரண்டாவது வரியில் சில எழுத்துகள்தான் வந்தன, மிச்சம் வெறும் காற்று. புன்னகைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நிறுத்திவிடுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. உயரே போகிற இடத்துக்கும் போனார். அங்கே குரல் உடைந்து, காக்கை கத்துவதுபோல ஒரு சத்தம் ஹாலைச் சுற்றி வந்தது. பின்னால் கட்லெட் வாணலியை யாரோ இறக்கிவைத்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது, அதன் வாயை அம்மா பொத்தினாள். பட்டுச்சேலைப் பெண்கள் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாட்டு கடைசி வரி வரைக்கும் போய்த்தான் நின்றது.

"இப்ப நம்பறீங்களா?" என்றார் அக்கா.

தம்பியை நினைத்து அழுத அந்த அம்மா மட்டும், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல, "அப்ப நாங்க அழுதது யாருக்கு?" என்றார். ஹால் முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நிலைமையைச் சரிசெய்ய ஃபாதர் முன்னால் வந்தார். "சரி, அந்தத் தங்கச்சியே வந்து ஒரு பாட்டு..."

"வேணாம் ஃபாதர்" என்றார் அக்கா. "நீங்க என்னத்தான கூப்பிட்டீங்க. இன்னிக்கு என் ஷோ. ஆல்டர்னேட் வேணாம்."

கட்லெட் பரிமாறினார்கள். ஆளுக்கொரு தட்டோடு மூலைக்கு மூலை ஒதுங்கினார்கள். அக்கா ஒரு தட்டில் மூன்று கட்லெட் வாங்கி நிதானமாகத் தின்றார். அவர் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. நான் தட்டை வாங்காமல் வெளியே வந்து, கோயில் காம்பவுண்டில் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்றேன். நாடகத்தில் மிச்சமிருந்த காட்சிகளெல்லாம் இனிமேல் எனக்கு என்பதும், எல்லா நாளும் வாசலில் பலகை இருக்கும் என்பதும், அக்கா அந்த அரங்கத்துப் பக்கமே வரமாட்டார் என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் ஆனது. பின்னால் நடந்த தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை.

அங்கிள் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டே படி இறங்கி வந்தார். என் முன்னால் வந்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஸாரி" என்றேன். எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. நான் நன்றாகப் பாடியதற்கா, ஒளிந்து பாடியதற்கா, உள்ளே வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கா?

அவர் என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். விரலில் கட்லெட் எண்ணெய்.

"நீ ஏன் தலையக் குனியற? வாயசைச்சது நானு. அத்தன பேர் முன்னாடி நின்னது நானு. வெக்கப்பட வேண்டியது நானு. அதையும் நீ எடுத்துக்காதே. அது என்னுது."

பின்னால் ஏறி உட்கார்ந்து, அங்கிள் தோளில் ஒரு தட்டு தட்டினார். ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிப் போகிறவரைக்கும் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை.